பெண் இல்லாமல் ஒரு மாப்பிள்ளை விருந்து

எனக்கு ஒரு விஷயம் பாதி தெரிந்தால் போதும். மீதிப் பாதியையும் சேர்த்து அடுத்தவர்களுக்கு விளக்கிவிடுவேன். இதை வியாதி என்று இதுவரை எந்த டாக்டரும் சொல்லாததால் மருந்து எடுத்துக்கொள்ளவில்லை. மருந்து எடுத்துக்கொண்டது நெஞ்செரிச்சலுக்கு.

நெஞ்செரிச்சல் என்றால் பஜ்ஜி சாப்பிட்ட அன்றைக்கு வந்து மறுநாள் போய்விடுகிற ரகம் இல்லை. என்னுடையது குடும்ப உறுப்பினர் மாதிரி வீட்டோடு தங்கிவிட்டது. நாலு வருஷமாக நான் படுத்துத் தூங்கவில்லை. படுத்தால் வயிற்றில் இருப்பது புளித்துப்போய்த் தொண்டைக்கு ஏறும், மூச்சு அடைக்கும். சுவரில் இரண்டு தலையணையை முட்டுக்கொடுத்து, உட்கார்ந்தபடியே தூங்குவேன். (பஸ் ஸ்டாண்டில் சேலம் வண்டிக்குக் காத்திருப்பவர்கள் தூங்குவார்களே, அப்படி. அவர்களுக்காவது வண்டி வந்துவிடும்.)

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. எடை நூற்று முப்பத்தோரு கிலோ. கள்ளக்குறிச்சியில் போட்டித் தேர்வுக்குத் தயார்செய்யும் பயிற்சி மையம் ஒன்றில் கணக்கு வாத்தியார். அமிலம் ஏறி ஏறித் தொண்டை கரகரத்து, நான் நடத்தும் கணக்கு முதல் இரண்டு பெஞ்சுக்கு மட்டுமே போய்ச் சேரும். பின்பெஞ்சில் இருந்தவர்கள் என் கையசைவை வைத்தே பாஸ் செய்தார்கள். வீட்டில் நானும் அப்பாவும்தான். அம்மா நான் பிளஸ் டூ படிக்கும்போதே போய்விட்டார். அப்பா தியாகதுருகத்தில் ஒரு ரைஸ் மில்லில் மிஷின் பார்க்கிறார். அதிகம் பேசமாட்டார். மிஷின் சத்தத்தில் முப்பது வருஷம் நின்றதால் பேசிப் பிரயோஜனமில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டவர்.

மாத்திரை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் சென்னையில் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா. தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, படம் வரைந்து காட்டினார். இரைப்பைக்கு மேலே ஒரு கதவு இருக்கிறது, அது உங்களுக்குத் தளர்ந்துபோய்விட்டது. வயிற்றுக் கொழுப்பு கீழேயிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. மாத்திரை அமிலத்தைக் குறைக்குமே தவிர கதவைச் சாத்தாது.

"எடையைக் குறைக்க ஒரு ஆபரேஷன் பண்றோம் இல்லையா, உங்களுக்கு அதுவேதான் நெஞ்செரிச்சலுக்கும் வைத்தியம். ஆனா வரிசை இருக்கு. உங்க தேதி வர எட்டு மாசம் ஆகும். வந்த தேதியை விட்டுட்டா மறுபடி கடைசிக்குப் போகணும்" என்றார்.

எட்டு மாதம் என்பது என்னைப் போன்ற ஆளிடம் கொடுக்கக்கூடாத கால அவகாசம். எல்லாவற்றையும் படித்தேன். வீடியோ பார்த்தேன். பைபாஸ், அதில் வகைகள், தையல் போடும் கருவி, அது எத்தனை வரிசையாகத் தைக்கும் என்பதுவரை. ஒரு நீலக் கலர் ஃபைல் போட்டு, அட்டையில் 'வயிறு' என்று எழுதினேன். டீக்கடையில் யாராவது ஏப்பம் விட்டால் அவருக்கு அரைமணி நேரம் போய்விடும்.

ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது. பதினாறு நாளில் வந்து சேர வேண்டும். அதில் கடைசிப் பதினான்கு நாள் ஒரு பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். மோர், உப்பில்லாத காய்கறித் தண்ணீர் தவிர வேறு எதுவும் கூடாது. 'கண்டிப்பாக' என்று அடிக்கோடு போட்ட தாளை வாட்ஸப்பில் அனுப்பினார்கள். அந்தத் தாளில் ஏன் என்று ஒரு பாரா இருந்தது. ஆபரேஷன் பற்றித்தான் எனக்கே எல்லாம் தெரியுமே என்று அந்தப் பாராவை நான் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்தைச் சொல்ல, அப்பாவோடு களமருதூர் போனேன். அங்கே அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, இருக்கிறார். அம்மா போன பிறகு எங்கள் வீட்டின் எல்லா முடிவும் அங்கே இருந்துதான் வரும்.

அத்தை தோட்டத்தில் உட்கார்ந்து, ஆட்டுப் போட்டியைச் சுடுதண்ணீரில் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு முழு இரைப்பையும் கூடவே குடலும் கண்ணெதிரே கிடந்தால் என் போன்றவன் சும்மா இருப்பானா?

"இன்னாடா கண்ணு பண்ற? அத இன்னாத்துக்குத் தூக்கற?"

"அத்த, இதான் என் வயிறுன்னு வச்சிக்க."

(ஆட்டின் இரைப்பைக்கு நாலு அறை, மனிதனுக்கு ஒன்று. அந்த விவரத்தை விட்டுவிட்டேன். நல்ல வாத்தியார் பாடத்தை எளிமையாக்குவார்.)

அரிவாள்மனையில் மேல்பகுதியைத் துண்டாக அறுத்தேன். வாழைநாரால் கட்டினேன். குடலைக் கீழேயிருந்து தூக்கிவந்து அதோடு சேர்த்து முடிச்சுப் போட்டேன்.

"இவ்ளோதான் அத்த. சாப்பாடு மேல இந்தச் சின்னப் பையில வுழும், நேரா குடலுக்குப் பூடும். பெரிய பை தனியா இருக்கும். அதுல ஊறுற அமிலம் மேல வரதுக்கு வழியே இல்ல."

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு நன்றாகக் குனிந்து பார்த்தார். "பைபாஸ் ரோடு போட்டதும் பஸ்ஸுலாம் ஊருக்குள்ள வராமப் போவுதே, அந்த மாதிரி."

"அதேதான்! பேரே அதான்."

"அப்ப ஊருக்குள்ள கட வச்சிருக்கவன் இன்னா ஆவறது?"

"கட சும்மா தொறந்துக்கினு இருக்கும் அத்த."

"ஈரல் எங்க? இதுல ஈரலயே காணோமே?"

"ஈரலுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல" என்றேன். எட்டு மாதப் படிப்பின் கம்பீரத்தோடு சொன்னேன். அந்த வாக்கியம் இப்போதும் என் காதில் கேட்கிறது. என் குரலில் இல்லை, அத்தையின் குரலில்.

ஈரல் அப்போது உள்ளே அடுப்பில் மிளகு போட்டு வறுபட்டுக்கொண்டிருந்தது.

பிறகுதான் அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டார். "அந்தச் சின்னப் பை எவ்ளோ பெருசுடா இருக்கும்?"

"ஒரு கோழி முட்ட அளவு."

அத்தை உட்கார்ந்துவிட்டார். ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார், இன்னும் ஒரு தடவை உட்கார்ந்தார்.

"முட்டையா? அப்ப உன் கல்யாணத்துக்கு மாப்ள விருந்து?"

எங்கள் பக்கம் கல்யாணம் முடிந்ததும் புதுமாப்பிள்ளையையும் பெண்ணையும் சொந்தக்காரர்கள் வீடு வீடாகக் கூப்பிட்டு விருந்து போடுவார்கள். ஆடு, கோழி, முட்டை, இலை நிறைய. துணி எடுத்துக்கொடுப்பார்கள். மாப்பிள்ளை எவ்வளவு சாப்பிட்டான் என்பது அடுத்த மாப்பிள்ளை வரும்வரை ஊரில் பேசப்படும். நூற்று முப்பத்தோரு கிலோ மாப்பிள்ளைக்கு அத்தை எத்தனை வருஷமாக மனதில் கோழி வளர்த்துக்கொண்டிருந்தாரோ தெரியவில்லை.

"ரெண்டு ஸ்பூன் துன்னுட்டுக் கைய கழுவறவனுக்கு எப்டிடா விருந்து போடறது? ஆத்தா இல்லாத புள்ள, ஒரு விருந்துகூடப் பாக்காம பூடுமே" என்று அழ ஆரம்பித்தார். அப்பா வேலியைப் பார்த்தார். எனக்கும் திடீரென்று என் மீது மிகவும் பரிதாபமாக இருந்தது.

ஐந்து நிமிஷம் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு முடிவைச் சொன்னார்.

"பொண்ணு எப்ப வேணா வரட்டும். விருந்த இப்பவே போட்டுடுவோம்."

"அத்த, நாளையிலிருந்து நான் பவுடர் மட்டும்தான் குடிக்கணும்."

"குடி. யாரு வேணான்னாங்க? காலைல குடி, மதியானம் குடி. விருந்து சாயங்காலம்தான?"

இந்த இடத்தில் நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் நான் கணக்கு வாத்தியார். இரண்டு வேளை பவுடர், ஒரு வேளை விருந்து. பதினான்கு நாளுக்குச் சராசரி போட்டால் சாதாரண மனிதன் சாப்பிடும் அளவைவிடக் கம்மியாகத்தான் வரும் என்று நீல ஃபைலின் பின்னட்டையில் போட்டுப் பார்த்தேன். வந்தது. வராமல் எங்கே போகும்? விருந்து என்பதற்கு ஒரு தட்டு சோறு என்று வைத்துத்தான் போட்டேன்.

அன்றைக்கே முதல் விருந்து. பாடம் நடத்திய இரைப்பையைக் குழம்பு வைத்தார்கள். வாழைநார் முடிச்சு ஒன்று என் இலையில் வந்தது. ஈரல் வறுவல் மட்டும் தனிக் கிண்ணத்தில். எனக்கு ஒரு பட்டுக்கரை வேட்டி, துண்டு. அப்பாவை மாப்பிள்ளையின் தகப்பனார் என்ற முறையில் பக்கத்து இலையில் உட்காரவைத்தார்கள். என் இடதுபக்கம் பெண் உட்கார வேண்டிய இடத்தில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது.

களமருதூரிலிருந்து செய்தி பரவியது. ஒரு வீட்டில் போட்டு இன்னொரு வீட்டில் போடாவிட்டால் மரியாதை இல்லை என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். சின்ன அத்தை வீடு, பெரியப்பா வீடு, பெரியப்பா மருமகள் வீடு. பதினான்கு நாளில் ஒன்பது விருந்து. எல்லா வீட்டிலும் 'பாவம், கடைசியா சாப்புடறான்' என்ற முகத்தோடு பரிமாறினார்கள். தூக்குத் தண்டனைக் கைதிக்குக்கூட இவ்வளவு மறுசோறு வைக்கமாட்டார்கள்.

அந்தத் தாளை உண்மையிலேயே படித்த ஒரே ஆள் என் நண்பன் சலீமின் அம்மா. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் அவர்களுக்குப் பாத்திரக் கடை. சலீம் மூலமாகத் தாள் அவர் கைக்கும், விருந்து விஷயம் அவர் காதுக்கும் போய், என்னைக் கூப்பிட்டுவிட்டார். போய் உட்கார்ந்தால், பெரிய எவர்சில்வர் டம்ளரில் காவி நிறத்தில் கெட்டியாக ஏதோ வந்தது.

"இன்னா அம்மா இது?"

"பிரியாணிதான் பேட்டா. தண்ணி ஆகாரம்தான் குடுக்கணும்னு தாள்ல போட்டிருக்குதே. மிக்ஸில நாலு சுத்து வுட்டுட்டேன். எலும்பு எடுத்துட்டுத்தான் அரைச்சேன், பயப்படாதே."

சலீம் சுவர் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் குடித்தேன். நட்புக்காக ஒரு மனிதன் செய்யக்கூடியது அவ்வளவுதான். பிறகு, அரைக்காத பிரியாணியையும் ருசி பார்த்தால்தான் அவர் கஷ்டப்பட்டு அரைத்ததன் அருமை தெரியும் என்று தோன்றியது. இரண்டு தட்டு ருசி பார்த்தேன்.

ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்னால் கடைசி விருந்து வெள்ளிமலையில். அம்மாவின் தம்பி அங்கே ஜீப் ஓட்டுகிறார். "மலைக்கு மேல வந்த மாப்ள வெறும் வயித்தோட எறங்குனா கல்வராயன் மலைக்கே அசிங்கம்" என்றார் மாமா. சாமைச் சோறு, நாட்டுக்கோழி, தேனில் ஊறிய பலாச்சுளை. "ஏறும்போது ஜீப்பு எவ்ளோ தாங்குச்சோ, எறங்கும்போது அதுக்கு மேல தாங்கணும், அதான் கணக்கு" என்று இன்னொரு கரண்டி வைத்தார். பிறகு அவருக்கு ஒரு சவாரி வந்துவிட்டதால் என்னையும் அப்பாவையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

மலைப்பாதை வளைவுகளைப் பற்றி நான் விவரிக்கப்போவதில்லை. கதவு சாத்தாத இரைப்பை, அதற்குள் ஒரு மலைக்கே மரியாதை செய்யும் அளவு சாப்பாடு, டிரைவருக்கோ கல்வராயன் மலையை விட்டுச் சீக்கிரம் இறங்கும் அவசரம். மூன்றாவது வளைவில் எழுந்தது, ஐந்தாவது வளைவில் வந்தது. அத்தை கொடுத்த மாப்பிள்ளைத் துண்டு தோளில் இருந்தது நல்லதாகப் போயிற்று. அப்பா அதைச் சுருட்டி ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு, "வுடு. கல்யாணத்துக்கு வேற எடுத்துக்கலாம்" என்றார். அந்தப் பதினான்கு நாளில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

சென்னை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். அரைக் கிலோகூடக் குறையவில்லை.

"டயட் இருந்தீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"இருந்தேன் மேடம்."

"கண்டிப்பா?"

"கண்டிப்பா மேடம்."

"வேற எதுவும் சாப்பிடலையே? உண்மையைச் சொல்லுங்க. சாப்பிட்டிருந்தா தேதியைத் தள்ளி வெச்சுக்கலாம், தப்பில்லை."

தள்ளினால் மறுபடியும் வரிசைக்குக் கடைசி. இன்னும் எத்தனை மாதம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது? "சில பேருக்கு உடம்பு தண்ணியப் புடிச்சி வச்சிக்கும் மேடம், அதனால எடை உடனே காட்டாது" என்று அவருக்கே விளக்கினேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்பா, மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

மறுநாள் காலை உள்ளே கொண்டுபோனார்கள். மயக்க மருந்து கொடுப்பவரிடம் பைபாஸ் வகைகளைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது மத்தியானம். வார்டில் படுத்திருந்தேன். வயிற்றில் ஐந்து இடத்தில் சின்னச் சின்னப் பிளாஸ்திரி. வீடியோவில் பார்த்த அதே ஐந்து இடம்! மெதுவாக மூச்சு விட்டுப் பார்த்தேன். எரியவில்லை. எச்சில் விழுங்கினேன். எரியவில்லை. நாலு வருஷத்தில் முதல்முறையாக நெஞ்சுக்குள் ஒன்றுமே நடக்கவில்லை.

"அப்பா, எரிச்சல் போயே போச்சிப்பா!"

அப்பா "ம்" என்றார்.

சலீமுக்குப் போன் போட்டேன். "மச்சி, ஆச்சுடா! புது வயிறு!" குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன், ஏழு நிமிஷம். எரிச்சலால் அவதிப்படும் அனைவரும் கூச்சப்படாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் அறிவுரை இருக்கிறது. அது இன்னும் அழியவில்லை. சின்ன அத்தையின் போனில் பத்திரமாக இருக்கிறது.

சாயங்காலம் நர்ஸ் ஒரு தட்டில் இரண்டு இட்லி கொண்டுவந்து வைத்தார்.

"சிஸ்டர், இது வேற யாருக்கோ" என்றேன்.

"உங்களுக்குத்தான் சார்."

"பைபாஸ் பண்ண ஆளுக்கு இன்னைக்கே இட்லி குடுப்பீங்களா? ஒரு வேளைக்கு முப்பது மில்லி தண்ணி, அதுவும் சிப் சிப்பா. சார்ட்டப் பாருங்க சிஸ்டர். தையல் பிரிஞ்சா யாரு பொறுப்பு?"

நர்ஸ் சார்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"டாக்டர் சொன்னாங்க இல்ல சார்?" என்றார் தயங்கி.

"சொன்னாங்க, சொன்னாங்க. எல்லாம் எனக்குத் தெரியும்" என்று அந்த இட்லியைத் திருப்பி அனுப்பினேன்.

பார்வையாளர் நேரத்தில் அத்தையும் வெள்ளிமலை மாமாவும் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மருந்து மூடியில் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டு உறிஞ்சிவிட்டு, "பாத்தீங்களா, வயிறு ரொம்பிடுச்சி" என்று காட்டினேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா "மலைப்பாம்பா இருந்தவன் குருவியாப் பூட்டான்" என்று தலையை ஆட்டினார். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து சந்தேகம் கேட்டார். அவருக்கு அப்பெண்டிசைட்டிஸ். இருந்தாலும் பைபாஸ் பற்றித் தெரிந்துகொள்வது நல்லதுதானே என்று அவருக்கும் விளக்கினேன்.

மறுநாள் காலை டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். அத்தை காபி பிளாஸ்க்கோடு ஓரமாக நின்றிருந்தார்.

"எப்படி இருக்கீங்க குமரேசன்?"

"சூப்பரா இருக்கேன் மேடம். எரிச்சல் சுத்தமா இல்ல. நீங்க பண்ண பைபாஸ்ல..."

"நான் பைபாஸ் பண்ணலையே."

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

"நேத்தே சொன்னேனே! கண்ணு முழிச்சதும் உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன். கட்டைவிரலைத் தூக்கிக் காமிச்சு, 'ரொம்ப தேங்க்ஸ் மேடம்'னு சொன்னீங்க. உங்க அப்பா பக்கத்துலதான் இருந்தாரு."

எனக்கு அப்படி எதுவும் நினைவில் இல்லை. கட்டைவிரலை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"கேமராவை உள்ளே விட்டா ஈரல்தான் தெரியுது, வேற ஒண்ணும் தெரியல" என்றார் அவர். "கொழுப்பு ஏறி உப்பிப்போய், இரைப்பை மேலே பாய் விரிச்ச மாதிரி படுத்திருக்கு. அதைத் தூக்கினாத்தான் நாங்க வேலை செய்ய முடியும். தூக்க முயற்சி பண்ணோம். கிழிஞ்சிடும்போல இருந்தது. கிழிஞ்சா உயிருக்கே ஆபத்து. அதனால எதையும் தொடாம வெளியே வந்துட்டோம். அந்தப் பதினாலு நாள் பவுடர் எடை குறையறதுக்குன்னா நினைச்சீங்க? ஈரல் சுருங்கறதுக்கு. தாள்ல எழுதியிருக்கே."

"எரிச்சல் இல்லையே மேடம்..." என்றேன் சன்னமாக. கடைசி ஆதாரம் அது ஒன்றுதான்.

"நேத்து முழுக்கச் சாப்பிடலை. கையில அமிலத்தைக் குறைக்கிற மருந்து ஏறிட்டிருக்கு. யாருக்குமே எரியாது."

அப்போது பின்னாலிருந்து அத்தையின் குரல். "நான் அன்னிக்கே கேட்டேன்."

டாக்டரம்மா திரும்பினார். "என்ன கேட்டீங்க?"

"ஈரல் எங்கடான்னு கேட்டேங்க. அதுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்லன்னு சொல்லிட்டு, வறுத்து வச்சிருந்த ஈரலயும் இவனே துன்னுட்டான்."

டாக்டரம்மா சிரிக்காமல் இருக்க முயற்சி செய்தார். கூட இருந்த பயிற்சி டாக்டர்கள் முயற்சிகூடச் செய்யவில்லை.

ஆனால் அத்தை சிரிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு வேறு ஒரு கணக்கு புரிந்துகொண்டிருந்தது. "அப்ப நாங்க போட்ட சோறுதான்... எங்க விருந்துதான் புள்ள ஆபரேஷனக் கெடுத்துடுச்சாங்க?"

இதற்குப் பதில் சொல்ல வேண்டியது நான். நிறைய விளக்கியவன், இதற்கும் விளக்கியிருக்கலாம். "நான் சொல்லலை அத்த. மேடம் மூணு தடவ கேட்டாங்க. நான்தான் பொய் சொன்னேன்" என்பது மட்டும் வந்தது. வரிசையில் மறுபடி கடைசிக்குப் போனோம்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அப்பாவிடம் கேட்டேன். "ஒரு நாள் முழுக்க உனக்குத் தெரியும். ஏம்பா சொல்லல?"

திண்டிவனம் தாண்டும்வரை அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

"நாலு வருசம் கழிச்சி எரியலன்னு சிரிச்சிக்கினு இருக்க. நான் எப்டிடா உன்னாண்ட வந்து, இல்ல எரியுதுன்னு சொல்றது?"

எனக்கு அப்போது நிஜமாகவே எரிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி மருந்தின் வேகம் தீர்ந்துபோய் அரைநாள் ஆகியிருந்தது. நான் அவரிடம் சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்து அடுத்த தேதி வந்தது. இந்த முறை அத்தை எல்லாச் சொந்தக்காரர் வீட்டுக்கும் போன் போட்டார். அந்தப் பதினான்கு நாளில் எவனாவது என்னை வாசலுக்குள் விட்டால் அவன் வீட்டு நல்லது கெட்டதுக்குத் தான் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். நான் தியாகதுருகம் ரைஸ் மில்லில் அப்பாவின் பக்கத்திலேயே காவலில் இருந்தேன். எனக்கு ஒரு டம்ளர் பவுடர் கரைத்தால் அப்பா தனக்கும் ஒரு டம்ளர் கரைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். "மாப்ளயோட தகப்பனார்னு எனக்கும்தான எல போட்டாங்க" என்றார். பதினான்கு நாள், அரிசி மூட்டைகளுக்கு நடுவில், இரண்டு பேரும் சோறு தின்னவில்லை. எனக்கு எட்டுக் கிலோ போயிற்று, அவருக்கு மூன்று. அவரிடம் அந்த மூன்றுகூட உபரியாக இல்லை.

இந்த முறை கண் விழித்ததும் டாக்டரம்மாவைத் தேடினேன். "பண்ணிட்டீங்களா மேடம்?"

அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் அதை நம்பவில்லை. அப்பாவைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நம்பினேன்.

இப்போது எண்பத்தொன்பது கிலோ. தினமும் சத்து மாத்திரை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு, அவசரமாக விழுங்கினால் தண்டனை. ஆனால் மல்லாந்து படுக்கிறேன். நாலு வருஷம் உட்கார்ந்தே தூங்கியவனுக்கு இதைவிட ஆடம்பரம் வேறு இல்லை. பின்பெஞ்சுக்கும் சராசரிக் கணக்கு காதில் கேட்கிறது.

குடும்பத்தில் மட்டும் அந்த முதல் ஆபரேஷன் முடியவே இல்லை. வேலையை முடித்துவிட்டேன் என்று யார் சொன்னாலும் எங்கள் வீடுகளில் ஒரு கேள்வி வரும். பம்பு செட்டு ரிப்பேர் ஆச்சு என்றால், "நெஜமா ஆச்சா, குமரேசன் ஆபரேஷன் மாதிரி ஆச்சா?" பெரியப்பா பேரன் வீட்டுப்பாடம் எழுதிவிட்டேன் என்றால், "நோட்ட எடு. குமரேசன் சித்தப்பாவும் இப்டித்தான் கட்டவெரலக் காட்டுனாரு."

போன தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. பெண் கள்ளக்குறிச்சி. ஆபரேஷன் செய்துகொண்டதை நானே அவளிடம் சொல்லியிருந்தேன். ஒரே ஆபரேஷன் என்று சொல்லியிருந்தேன். மேளம் உச்சத்துக்குப் போக, தாலியைக் கட்டினேன். முதல் முடிச்சு, இரண்டாவது முடிச்சு, மூன்றாவது முடிச்சு. அட்சதை தலையில் விழுந்தது. மேளம் அடங்கிய அந்தச் சரியான நொடியில், பின்னாலிருந்து அத்தையின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"முடிச்சி வுழுந்துச்சா, இல்ல அவன் ஆபரேஷன் மாதிரியா? யாராவது நல்லாப் பாருங்க!"

என் சொந்தக்காரர்கள் இருநூறு பேரும் சிரித்தார்கள். பெண் வீட்டுக்காரர்கள் விழித்தார்கள். சலீம் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இன்னா சிரிக்கறாங்க?" என்றாள் அவள், தலையைக் குனிந்தபடியே.

"அப்பறம் சொல்றேன்."

அவள் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், மூன்று முடிச்சையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

மறுவாரம் களமருதூரில் விருந்து. இலை ஒன்றுதான் போட்டிருந்தார்கள், அவளுக்கு. எனக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம், ஒரு ஸ்பூன். "உனக்குத்தான் அப்பவே போட்டாச்சே" என்றார் அத்தை. ஈரல் வறுவலை மட்டும் என் கண்ணெதிரே எடுத்துப்போய் அவள் இலையில் வைத்தார்.